சோலார் விளக்கு அணைந்தால் யாரைக் கூப்பிடுவது? - மலைக் கிராமங்களின் மின்சாரக் கணக்கு

தேர்தல் வந்தால் தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒரு புகைப்படம் தவறாமல் வரும். கழுதையின் முதுகில் வாக்குப்பதிவு இயந்திரம். அதன் பின்னால் தேர்தல் பணியாளர்களும் காவலர்களும் கால்நடையாகப் போய்க்கொண்டிருப்பார்கள். பென்னாகரம் தொகுதியைச் சேர்ந்த கோட்டூர் மலைக்குச் சரியான சாலை இல்லாததால், பல தேர்தல்களில் இயந்திரங்கள் இப்படித்தான் மலையேறின.

ஒரு நாள் செய்தியாகப் பார்த்துவிட்டுக் கடந்துவிடக்கூடிய படம்தான். ஆனால், அதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சில கிலோ எடையுள்ள இயந்திரத்துக்கே கழுதை தேவைப்படும் பாதையில், சில நூறு கிலோ எடையுள்ள சிமென்ட் மின்கம்பத்தை எப்படி ஏற்றுவது? டிரான்ஸ்ஃபார்மரை யார் சுமப்பது?

இதற்குப் பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் பதில், 'சோலார்'. வெயிலுக்குத்தான் பஞ்சமே இல்லையே, ஆளுக்கொரு பேனல் கொடுத்தால் போதுமே என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பேனல் மாட்டிய மூன்றாவது, நான்காவது வருடத்தில்தான் தெரியவரும்.

கம்பம் ஏற மறுக்கும் மேடு

தர்மபுரிக்கு மின்சாரம் புதிதல்ல. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1937-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்கியது. அந்த அணை தேக்கும் தண்ணீர் பென்னாகரம் பக்கத்து நாகமரை வரை பரந்து நிற்கிறது. தண்ணீர் நிற்பது இந்த மாவட்டத்தின் ஓரத்தில். ஆனால், அணைக்கட்டிலிருந்து கிளம்பிய மின்கம்பிகள் நகரங்களையும் ஆலைகளையும் தேடித்தான் முதலில் போயின. மலைகளின் முறை கடைசியில்தான் வந்தது.

அதற்குக் காரணங்கள் உண்டு. சித்தேரி மலை, வத்தல்மலை, பென்னாகரம் பக்கத்து மலைகள் என்று மாவட்டம் முழுக்க மேடும் காடும்தான். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். பத்து வீடு இங்கே, பதினைந்து வீடு அங்கே என்று குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும்.

சமவெளியிலும் கொஞ்சம் அப்படித்தான். தர்மபுரிப் பக்கம் 'கொட்டாய்' என்று முடியும் ஊர்ப் பெயர்களை நிறையப் பார்க்கலாம். காட்டுக்குள், வயலுக்குள் கொட்டாய் போட்டுத் தங்கியவர்களின் இடங்களே நாளடைவில் குக்கிராமங்களாயின. நெருக்கமான தெருவில் ஒரு கம்பத்திலிருந்து பல வீடுகளுக்கு இணைப்பு கொடுத்துவிடலாம். கொட்டாய்களுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் கம்பம் நட வேண்டியிருக்கும்.

வழியில் காப்புக்காடு குறுக்கிட்டால் வனத்துறை அனுமதியும் வேண்டும். பல மலைக் கிராமங்களுக்கான மின்பாதைகள் தாமதமாவது இந்த இடத்தில்தான்.

'மின்வசதி பெற்ற கிராமம்' என்றால் என்ன?

2018 ஏப்ரல் 28 அன்று, மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு இணைப்பு கிடைத்ததோடு இந்தியாவின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டதாக மத்திய அரசு அறிவித்தது. பெரிய சாதனைதான். ஆனால், அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருக்கும் இலக்கணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரில் டிரான்ஸ்ஃபார்மரும் மின்பாதையும் இருக்க வேண்டும். பள்ளி, ஊராட்சி அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களில் மின்சாரம் இருக்க வேண்டும். மொத்த வீடுகளில் 10 சதவிகித வீடுகளுக்கு இணைப்பு இருந்தால் போதும். அந்த ஊர் 'மின்வசதி பெற்ற கிராமம்' ஆகிவிடும். அதாவது, நூறு வீட்டில் தொண்ணூறு வீடு இருட்டில் இருந்தாலும் கணக்கில் வெளிச்சம்தான். ஒரு வருவாய் கிராமத்தின் தாய்க்கிராமத்தில் விளக்கு எரிந்து, மேட்டிலுள்ள அதன் குக்கிராமம் இருளில் கிடப்பதும் இதனால்தான் சாத்தியமானது. இந்த இடைவெளியை நிரப்ப, வீடு வீடாக இணைப்பு கொடுக்கும் சௌபாக்யா திட்டம் 2017 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதிலும் கம்பி போக முடியாத வீடுகளுக்கு சோலார்தான் வழி என்று எழுதப்பட்டிருந்தது.

ஐந்து விளக்கு வீடுகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு சோலாரைப் பெரிய அளவில் அறிமுகப்படுத்தியது, 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். 300 சதுர அடி வீடு. தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்பது இலக்கு. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என்று இடத்துக்கு ஒன்றாக ஐந்து சி.எஃப்.எல் விளக்குகள் சோலாரில் எரியும்படி அமைக்கப்பட்டது. மின்வாரிய இணைப்பு வேண்டுமென்றால் அதையும் பெற்றுக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியமானது. சோலாரும் உண்டு, கரன்ட்டும் உண்டு என்கிற வீட்டுக்கு சோலார் ஒரு கூடுதல் வசதி. கம்பியே வராத வீட்டுக்கோ சோலார் மட்டும்தான் மின்சாரம். ஒரே பேனல், ஒரே விளக்கு. ஆனால், பழுதானால் முதல் வீட்டுக்கு அது ஒரு தொந்தரவு. இரண்டாவது வீட்டுக்கு முழு இருட்டு. மழைக்காலத்தில் வாசலில் பாம்பு கிடந்தாலும் தெரியாத இருட்டு.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 வாட் பேனல் ஒன்று, நல்ல வெயில் நாளில் சுமார் 4 மணி நேரம் முழுத் திறனோடு வேலை செய்ததற்குச் சமமான மின்சாரம் தரும். அதாவது 400 வாட்-மணி. பேட்டரியிலும் ஒயரிலும் ஏற்படும் இழப்பு போக, வீட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 300 வாட்-மணி. யூனிட் கணக்கில் சொன்னால் 0.3 யூனிட்.

செலவைப் பாருங்கள். 9 வாட் எல்.இ.டி பல்பு நான்கு, 5 மணி நேரம் எரிந்தால் 180. இரண்டு செல்போன் சார்ஜ் செய்ய 20. மீதி 100 வாட்-மணி. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். ஒன்றேகால் மணி நேரத்தில் அந்த மீதியும் காலி. 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி ஃபேன் என்றால் மூன்று மணி நேரம் ஓடும். விடிய விடிய ஃபேன் ஓட வேண்டுமானால் பேனலை இரண்டு மடங்காக்க வேண்டும். மிக்ஸி 500 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதற்குப் பெரிய இன்வெர்ட்டர் இல்லாமல் முடியாது.

இப்போது கொஞ்சம் பெரிய பேனலை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் பி.எம் ஜன்மன் திட்டத்தில், மிகவும் பின்தங்கிய பழங்குடிக் குடும்பங்களில் கம்பி போக முடியாத வீடுகளுக்கு 300 வாட் சோலார் அமைப்பு தரப்படுகிறது. வீட்டுக்கு 50,000 ரூபாய் வரை செலவிடலாம். மேலே போட்ட அதே கணக்கில், அது நாளொன்றுக்கு 0.9 யூனிட் தரும். விளக்கு, செல்போன், இரவு முழுக்க ஒரு பி.எல்.டி.சி ஃபேன், கொஞ்ச நேரம் சிறிய டி.வி என்று நிம்மதியாக ஓடும்.

நல்ல விஷயம்தான். ஆனால், சமவெளியில் இருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2016 மே மாதம் முதல், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் வீடுகளுக்கு இலவசம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 யூனிட். ஊருக்குள் இருக்கும் வீடு இலவசமாகப் பெறுவதில் பாதியைச் சற்றுத் தாண்டும் அளவுதான், மலை வீட்டுக்கு ஒரு நல்ல சோலார் அமைப்பு தருவது. அதுவும் வெயில் அடித்தால். பேட்டரி உயிரோடு இருந்தால்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'மிகவும் பின்தங்கிய பழங்குடியினர்' என்று தமிழ்நாட்டில் வகைப்படுத்தப்பட்டிருப்பவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினர் மட்டுமே. தர்மபுரியில் வாழும் இருளர்கள் இதில் வருவார்கள். எண்ணிக்கையில் அதிகமான மலையாளிப் பழங்குடியினர் வரமாட்டார்கள். பழங்குடிக் கிராமங்களுக்கென 2024 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட 'தர்த்தி ஆபா' திட்டம்தான் அவர்களுக்கான கதவு.

தர்னாய் சொல்லும் பாடம்

பேட்டரி உயிரோடு இருப்பது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு, பீகாரின் தர்னாய் கிராமத்தைப் பார்க்கலாம்.

ஜெகானாபாத் மாவட்டத்திலுள்ள இந்த ஊர், சுமார் முப்பது ஆண்டுகள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. 2014-ல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சோலார் மின்நிலையம் அமைத்தது. வீடுகள், கடைகள், தெருவிளக்குகள், பாசன மோட்டார்கள் என்று ஊருக்கே அதிலிருந்து மின்சாரம். உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால், அப்போது முன்னாள் முதலமைச்சராக இருந்த நிதிஷ்குமார் அங்கே வந்தபோது ஊர் மக்களில் ஒரு பகுதியினர் கேட்டது, 'அசல் கரன்ட்'. இது போலி, எங்களுக்கு உண்மையான மின்சாரம் வேண்டும் என்றார்கள்.

அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. சோலார் மின்சாரத்தின் கட்டணம், மின்வாரியக் கட்டணத்தைவிட அதிகம். ஃபிரிட்ஜ் போன்றவற்றை ஓட்ட முடியாது. சீக்கிரமே மின்வாரியக் கம்பி ஊருக்குள் வந்தது. மலிவான கரன்ட் வந்ததும் சோலாருக்குக் கட்டணம் கட்டுவது குறைந்தது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் ஆயுளை முடித்துக்கொண்டன. மாற்றப் பணமில்லை. கடைசியில் அந்த மின்நிலைய வளாகம் மாடு கட்டும் இடமாகிவிட்டது.

சோலார் பேனல் 25 ஆண்டுகள் உழைக்கும். அதன்கீழ் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரி 3 முதல் 5 ஆண்டுகள்தான். அதுவும் டிஸ்டில்டு வாட்டர் ஒழுங்காக ஊற்றினால்தான். ஒரு பேனலின் வாழ்நாளில் ஐந்தாறு முறை பேட்டரி மாற்ற வேண்டும். திட்ட மதிப்பீட்டில் முதல் பேட்டரிக்கு மட்டும் பணம் இருக்கும். இரண்டாவது பேட்டரி யார் பொறுப்பு என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஊர் ஊராக எரியாமல் நிற்கும் சோலார் தெருவிளக்குகளின் கதையும் இதுதான்.

மின்வாரியக் கரன்ட் போனால் மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்கு, எந்த நேரத்திலும் போன் செய்யலாம். மலைவீட்டு சோலார் விளக்கு அணைந்தால் கூப்பிட எண் எது? சிக்கலின் மையமே இதுதான்.

எரிகிற இடங்களில் என்ன செய்தார்கள்?

எல்லா இடத்திலும் தர்னாய் கதை நடக்கவில்லை. சத்தீஸ்கரில் காட்டுக் கிராமங்களுக்கு சோலார் கொடுத்த 'கிரெடா' என்ற மாநில அரசு நிறுவனம், பேனலோடு ஆளையும் சேர்த்து ஏற்பாடு செய்தது. ஊரிலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பேனலைத் துடைப்பது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வீடுகளில் சிறு தொகை வசூலிப்பது அவர் வேலை. அவரால் முடியாததைப் பார்க்க, பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு டெக்னீஷியன். அதற்கு மேல் கிரெடா அதிகாரிகள். புகார் எங்கே போக வேண்டும் என்பது ஊருக்குத் தெரியும்.

வங்கதேசத்தில் 2003-ல் தொடங்கிய திட்டத்தில் 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு சோலார் போனது. அங்கே இலவசமாகக் கொடுக்கவில்லை, தவணையில் விற்றார்கள். மாதத் தவணை வாங்க வருகிற ஆளே பழுதையும் பார்த்தார். விளக்கு எரியவில்லை என்றால் தவணை வராது என்பதால் பழுது உடனே சரியானது. பிற்காலத்தில் மின்கம்பிகள் வேகமாகப் பரவியதும் இந்தத் திட்டத்தின் தேவை குறைந்தது. அதுவரை, கம்பிக்காகக் காத்திருக்காமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வெளிச்சத்தில் படித்தார்கள்.

தமிழ்நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, 2006-ல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு கொஞ்சம், வங்கிக் கடன் மீதி. காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல. காற்று நன்றாக வீசும் உடுமலைப் பக்கத்து மைவாடியில். உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேர்ந்து ஊராட்சியின் கணக்கில் கழிகிறது. மிஞ்சியது மின்வாரியத்துக்கே விற்பனை. கம்பி இருக்கும் ஊராட்சிகளுக்குப் பொருத்தமான வழி இது. கூரைக்குக் கூரை பேட்டரி தேவையில்லை. ஊராட்சிக்கு வருமானமும் உண்டு.

மூன்று யானைகளும் ஒரு மின்வேலியும்

தர்மபுரியில் சோலாரைப் பற்றிப் பேசும்போது வேலியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

2023 மார்ச் 7 அன்று, பாலக்கோடு அருகே மாரண்டஅள்ளி பக்கத்துக் காளிகவுண்டன் கொட்டாயில் மூன்று பெண் யானைகள் மின்சாரம் தாக்கி இறந்தன. பயிரைக் காக்க சட்டவிரோதமாக மின் இணைப்பிலிருந்து நேரடியாகக் கம்பி இழுத்ததுதான் காரணம். தாயை இழந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பின. அந்தக் காட்சி தமிழ்நாட்டையே கலங்க வைத்தது.

முறையான சோலார் வேலி அப்படிக் கொல்லாது. பேனல் 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்யும். 'எனர்ஜைசர்' என்ற கருவி அதிலிருந்து சுமார் ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில் கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தும். வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அது நீடிப்பது கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. சுரீரென்று இழுத்து விலக வைக்கும், உயிரை எடுக்காது. வீட்டு மின்சாரமோ இடைவிடாமல் பாயும், தொட்டவரை விடாது. யானையோ, காவலுக்குப் போன மனிதரோ, அதற்கு வித்தியாசம் தெரியாது.

அதே 2023-ல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கான பதிவு மற்றும் ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் மின்வேலி போடுவதற்கு முன்பே அனுமதி பெற வேண்டும்.

வேலியிலும் அதே பாடம்தான். கம்பியில் செடி, கொடி படர்ந்தால் மின்சாரம் மண்ணில் இறங்கி வேலி செத்துப்போகும். பேட்டரி பழசானால் துடிப்பு இருக்காது. யானை இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். வேலி வேலை செய்யவில்லை என்று கோபப்படும் விவசாயியின் கை, அடுத்து நேரடிக் கம்பியைத் தேடும். சோலாரைப் பராமரிக்காததன் விலை சில நேரம் உயிராகவும் இருக்கும்.

கிராமசபையில் என்ன கேட்கலாம்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊருக்கோ, உறவினர் ஊருக்கோ சோலார் வருகிறது என்றால் இவற்றைக் கேட்டு, பதிலைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.

1. எத்தனை வாட் பேனல்? நாளொன்றுக்கு எத்தனை யூனிட் கிடைக்கும்? விளக்குக்கு மட்டுமா, ஃபேனுக்கும் சேர்த்தா?

2. பேட்டரி எந்த வகை? லெட்-ஆசிட் விலை குறைவு. ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டும், எடையும் அதிகம். லித்தியம் விலை அதிகம். ஆனால் எடை குறைவு, ஆயுள் கூடுதல். சாலை இல்லாத மலைக்கு எடையும் ஒரு செலவுதான்.

3. இரண்டாவது பேட்டரிக்குப் பணம் எங்கிருந்து வரும்? மாதம் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் சேர்க்கலாமா?

4. பழுது பார்க்க ஊரில் யாருக்குப் பயிற்சி? மகளிர் சுயஉதவிக் குழுவில் இருவருக்குக் கொடுத்தால் ஒருவர் வெளியூர் போனாலும் வேலை நிற்காது. அவர்களுக்கு ஊதியம் எவ்வளவு?

5. பேனல் எந்தப் பக்கம் பார்க்கிறது? தர்மபுரியில் தெற்குப் பார்த்து, சுமார் 12 டிகிரி சாய்வாக இருக்க வேண்டும். மர நிழல் விழக் கூடாது.

6. பழைய பேட்டரியை யார் எடுத்துப் போவார்கள்? அதில் ஈயமும் அமிலமும் இருக்கிறது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. காட்டில் வீசக் கூடாது.

7. சோலார் வந்துவிட்டதால் கம்பி இணைப்புக்கான கோரிக்கை கைவிடப்படுமா? இல்லை என்று தெளிவாக எழுத வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு சட்டத்தின் துணையும் உண்டு. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, காட்டு நிலத்தில் அமைத்துக்கொள்ளக்கூடிய 13 வசதிகளைப் பட்டியலிடுகிறது. பள்ளி, அங்கன்வாடி, சாலையோடு மின்பாதையும் அதில் இருக்கிறது. மரபுசாரா எரிசக்தியும் இருக்கிறது. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராமசபையின் பரிந்துரை வேண்டும் என்பவை நிபந்தனைகள். வனத்துறை அனுமதி கிடைக்கவில்லை என்று சொல்லப்படும் ஊர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கிராமசபையில் அந்தப் பரிந்துரைத் தீர்மானம் போடப்பட்டதா என்பதைத்தான்.

சமவெளியில் கம்பி இணைப்பு உள்ள வீடுகளுக்கு வேறு திட்டம். 2024-ல் தொடங்கிய பி.எம் சூர்யா கர் திட்டத்தில், கூரை சோலாருக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஆனால், மின்வாரிய இணைப்பு இருந்தால்தான் இதில் சேர முடியும். இலவச 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு இதனால் பெரிய லாபமும் இல்லை. அதிகமாகச் செலவழிக்கும் வீடுகளுக்கே இது கை கொடுக்கும். ஆக, எல்லோருக்கும் ஒரே சோலார் என்று எதுவும் இல்லை.

உலகில் 2023 கணக்குப்படி இன்னும் சுமார் 66 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், கம்பி போக முடியாத ஊர்களில் வாழ்கிறவர்கள். அவர்களுக்கும் சோலார்தான் பதிலாகச் சொல்லப்படுகிறது. பேனலின் விலை குறைந்துகொண்டே வருவதால் அந்தப் பதில் இன்று முன்பைவிட எளிது. ஆனால், பேனலுக்கான பணம் ஒருமுறைதான். கவனிப்புக்கான பணமும் ஆளும் மாதாமாதம் வேண்டும். மலைக்கு சோலார் அனுப்பும் எந்தத் திட்டத்தின் கோப்பிலும், பயனாளிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், பழுதானால் அழைக்க வேண்டியவரின் பெயரும் போன் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.